இரண்டாவது பாதையைக் காணவில்லை

அத்தியாயம் 6

"கேஸ் முடிஞ்சுது மிஸ். எல்லாம் சரியாத்தான் இரிக்கி. வாங்க, எங்கயாவது போய் கொத்து ரொட்டி திம்பம்."

இரும்பு அலுமாரிக்குள் தலையை விட்டிருந்த இப்ஹாமின் குரல் மட்டும் வெளியே வந்தது. எனக்கு அந்த அலுமாரிக் கதவை அவன் கழுத்தோடு சேர்த்துச் சாத்த வேண்டும் போலிருந்தது.

எல்லாம் சரியாக இருந்ததுதான் பிரச்சினையே. ஏதாவது ஒன்று பிழையாக இருந்தால்தான் வெளியே கொரிடோரில் உட்கார்ந்திருக்கும், இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற றமீலா தப்புவாள். பின்நேரம் கண்டிப் பொலிஸிலிருந்து ஒரு சார்ஜன் வருகிறார். ஆய்வுகூடத்தின் சொந்தக்காரர் செல்லப்பா முதலாளி வரச் சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்று பார்த்து ரிப்போர்ட் எழுத என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான். நான் அதற்குள் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால், 'வேண்டுமென்றே கம்ப்யூட்டர்களை நிறுத்தி நோயாளிகளின் உயிரோடு விளையாடியவள்' என்று அந்தப் பிள்ளையின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எவன் அவளை ஒரு சேர்வர் அறைக்குள் விடுவான்?

"திருப்பிப் பாரு," என்றேன்.

"மூணு தரம் பாத்துட்டன். நாலாந் தரம் பாத்தா வயரே வெக்கப்படும்."

இப்ஹாம் முன்பு கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்திக்கொண்டிருந்தவன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாயைத் தவிர வேறு எதையும் அவன் பழுதாக்கியதில்லை.

நாங்கள் நின்றிருந்த சேர்வர் அறை ஒரு காலத்தில் குளியலறை. சுவரில் இன்னும் ரோஜாப்பூப் போட்ட டைல்ஸ். ஏசி ஒரு மூலையில் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பளை, பிலிமத்தலாவை, தெல்தெனிய என்று ஊருக்கு ஊர் இரத்தம் எடுக்கும் கிளை வைத்திருக்கிற ஆய்வுகூடம் இது. வரவேற்பறையில் மீன் தொட்டி, பளிங்குத் தரை. மூளை இருக்கிற இடம் மட்டும் பழைய குளியலறை.

நடந்தது இதுதான். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஸ்டோரேஜ் என்ற ஒரு பெரிய பெட்டியில் இருக்கின்றன. ரிப்போர்ட் சேர்வர் அந்தப் பெட்டியோடு பேசினால்தான் கவுண்டரில் ரிப்போர்ட் அடிக்கலாம். பேச்சு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பாதை போட்டிருந்தார்கள். ஒரு வயர் இடது பக்கச் சுவிட்ச் வழியாக, மற்றது வலது பக்கச் சுவிட்ச் வழியாக. சுவிட்ச் என்றால் லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. வயர்களை ஒன்றோடொன்று சந்திக்க வைக்கிற சின்னப் பெட்டி. அலுமாரியின் மேல்தட்டில் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். அதற்குத்தான் இரண்டு.

போன கிழமை இடது சுவிட்சின் காற்றாடி கரகரவென்று சத்தம் போட்டிருக்கிறது. றமீலா அதை மட்டும் அணைத்திருக்கிறாள். வலது சுவிட்சைத் தொடவேயில்லை என்கிறாள். ஆனால் அந்த நிமிஷமே ரிப்போர்ட் சேர்வர் மூச்சடைத்து விழுந்தது. தெல்தெனியவிலிருந்து வந்த டெங்குக் காய்ச்சல்காரப் பிள்ளையின் இரத்தத் தட்டணு எண்ணிக்கை பாதி நாள் கிடைக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிள்ளையின் தகப்பன் கவுண்டர் கண்ணாடியை உடைத்தார்.

செல்லப்பா முதலாளியின் கணக்கு நேரானது. இரண்டு பாதை இருக்கிறது. ஒன்றை அணைத்தால் மற்றது ஓட வேண்டும். ஓடவில்லை. ஆகவே இரண்டையும் அவள்தான் அணைத்திருக்கிறாள். ஆகவே வேண்டுமென்றே செய்திருக்கிறாள்.

அந்தக் கணக்கு உடைவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. இரண்டு வயரும் உண்மையில் ஒரே சுவிட்சில் குத்தப்பட்டிருக்க வேண்டும். கம்பளையிலிருந்து கண்டிக்கு இரண்டு பஸ் ஓடுகிறது, ஆனால் இரண்டும் ஒரே பாலத்தால் போகிறது என்றால், பாலம் உடைந்த அன்று எத்தனை பஸ் இருந்தும் என்ன பிரயோசனம்? அதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

இல்லை. ரிப்போர்ட் சேர்வரிலிருந்து இரண்டு வயர் புறப்பட்டது. V என்று ஸ்டிக்கர் ஒட்டிய வயர் வலது சுவிட்சுக்குப் போனது. D என்று ஒட்டியது இடது சுவிட்சுக்குப் போனது. இரண்டு பஸ், இரண்டு பாலம். சுவிட்சுகளின் உள்ளே இருந்த பதிவுகளும், பிறகு இரண்டையும் அணைத்து எழுப்பியபோது அழிந்துவிட்டன.

கதவு திறந்தது. யுகேஷ் எட்டிப் பார்த்தார். இங்கே ஐடி மனேஜர். முதலாளியின் தங்கை மகன். மெல்பேர்னில் படித்தவர் என்பதை அவருடைய வாசனைத் திரவியமே முன்கூட்டி வந்து சொல்லிவிடும். காலையில் சாவி இல்லை என்று எங்களை மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, பிறகு தன் கழுத்துப் பட்டியிலிருந்தே சாவியை எடுத்தவர்.

"இன்னும் முடியலையா? கேபிள் எல்லாம் வயரிங் கம்பெனி ஆளு சமிந்த போட்டது. அதுல பிழை இருக்காது. நீங்க அந்தப் புள்ள மனசுல என்ன இருந்துச்சுன்னு தேடுங்க."

"மனசுக்கு போர்ட் நம்பர் இல்லையே சார்," என்றான் இப்ஹாம்.

யுகேஷ் சிரிக்கவில்லை. "மாமா கேட்டுட்டே இருக்காரு. ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுத்தா போதும் நிரஞ்சனி. நீட்டி முழக்க வேணாம்."

நிரஞ்சனி. மிஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலில் கம்பஸுக்குப் படிக்கப் போனவள் நான். அங்கே நான்கு வருடம் இந்த மாதிரிக் குரல்களைத்தான் கேட்டேன். அவர்களுக்கு நம் பெயர் எப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கும். மரியாதைதான் மறந்துபோகும்.

*

கொரிடோரில் றமீலா பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய உம்மா, ஒரு கையால் மகளின் ஷால் நுனியைப் பிடித்தபடி. அது ஓடிவிடும் என்பதுபோல.

எனக்கு எரிச்சலாக வந்தது. அதை அவள் மேலேயே கொட்டினேன்.

"பாருங்க றமீலா, நான் உங்க பக்கம் நிக்கிறதுக்கு ஒரு காரணமாவது குடுங்க. ரெண்டு வயரும் ரெண்டு சுவிட்சுலதான் இருக்கு. V வலது. D இடது. லேபல் கூட ஒழுங்கா ஒட்டியிருக்கு. நீங்க சொல்ற கதை நிக்கல."

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"என்ன லேபல் மிஸ்?"

"ரிப்போர்ட் சேர்வர் வயருல இருக்கிற லேபல்."

"அந்த மெஷின்ல லேபலே இருக்கல்ல."

"இருக்கு. நான் பாத்தேன்."

"இருக்கல்ல மிஸ். மத்த மூணு மெஷின்லயும் இரிக்கி. இதுல மட்டும்தான் இல்ல. ஒட்டணும் ஒட்டணும் எண்டு நானே ரெண்டு தரம் யுகேஷ் சார்க்கிட்ட சொன்னன். 'ஸ்கிரீன்ல ரெண்டு பாதையும் பச்சையா காட்டுதுதானே, பொறகென்ன'ண்டு சொன்னார்."

"இத ஏன் காலையில சொல்லல?"

"நீங்க கேக்கல்லயே. எல்லாரும் ஏன் செஞ்சாய், ஏன் செஞ்சாய் எண்டுதான் கேக்கிறாங்க. என்ன இருந்துச்சு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சரிதான். நானும் கேட்கவில்லை.

"உங்க சாவி?"

"அண்டைக்கே பறிச்சிட்டாங்க."

உம்மா வாயைத் திறந்தார். "மகள் பொய் சொல்றவ இல்ல மிஸ். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் மனேஜராயிருப்பா."

இப்ஹாம் என் காதோரம் குனிந்தான். "மிஸ், இந்த உம்மாவ வேலைக்கு எடுப்பம். என்னை விட நல்லாப் பேசுறா."

*

சமிந்த மூன்றாவது முறைதான் போனை எடுத்தான். பின்னால் லொறிச் சத்தம். எங்கோ கடுகண்ணாவைப் பக்கம் வேலையில் இருப்பதாகச் சிங்களத்தில் கத்தினான். அவனுக்கும் கோபம். செல்லப்பா முதலாளியின் ஆய்வுகூடம் என்றதும் இரட்டிப்புக் கோபம்.

"அந்த இடத்தில் நான் போட்டது மூன்று சேர்வர் மட்டும். நாலாவதை உங்கள் பெரிய படிப்புக்காரர் தானே போட்டார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்."

"நாலாவது, ரிப்போர்ட் சேர்வரா?"

"அதேதான்."

ஆக, யுகேஷ் சொன்னது பொய். கேபிள் 'எல்லாம்' சமிந்த போட்டதில்லை.

"உங்களுடைய லேபல் V, D. சரிதானே?"

"ஆமாம். பிழையா?"

"V என்றால் எந்தப் பக்கம்?"

அவன் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வம, மிஸ்," என்றான். "வம."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வம. ஒவ்வொரு நாளும் த்ரீவீல்காரனிடம் நான் சொல்கிற சொல். வமட்ட ஹரவன்ன. இடது பக்கம் திருப்புங்கள். தகுணட்ட என்றால் வலது. இந்த ஊரில் இரண்டு மொழியிலும் வழி சொல்லாமல் ஒருவரும் வீடு போய்ச் சேர்வதில்லை.

சமிந்தவின் V, சிங்களத்து வம. இடது. அவனுடைய D, தகுண. வலது.

நான் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபோது எந்த மொழியில் பார்த்தேன்? தமிழில். வ, வலது. வயரும் வலது சுவிட்சுக்குத்தான் போனது. சரி என்று விட்டுவிட்டேன். இப்ஹாமும் மூன்று தடவை பார்த்தான். அவனும் தமிழில்தான் பார்த்தான்.

"இப்ஹாம், அந்த மத்த மூணு மெஷின். V எங்க போகுதுன்னு பாத்தியா?"

"இல்ல மிஸ். நமக்கு வேண்டியது ரிப்போர்ட் சேர்வர்தானே. மத்ததெல்லாம் பின்னால கட்டுக்கட்டா கட்டியிரிக்கி. ஏன், மூஞ்சி பேயைக் கண்ட மாதிரி இரிக்கி?"

"வா."

*

கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்தோம். முதல் சேர்வர், V இடது சுவிட்ச். இரண்டாவது, V இடது. மூன்றாவதும் இடதுதான். அந்த ஸ்டிக்கர்கள் ஏசி ஈரத்தில் ஓரம் சுருண்டு மஞ்சளாகியிருந்தன.

ரிப்போர்ட் சேர்வரின் V மட்டும் வலதுக்குப் போனது. அந்த ஸ்டிக்கர் வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலால் தொட்டேன். ஓரத்துப் பசை இன்னும் ஒட்டியது.

இப்ஹாம் விசிலடித்தான். "சிங்களத்துல ஒட்டின வீட்டுக்குள்ள ஒருத்தன் தமிழ்ல பூந்திரிக்கான்."

"போய் யுகேஷைக் கூப்பிடு. முதலாளியையும். ரிப்போர்ட் ரெடின்னு சொல்லு."

"ரெடியா?"

"இன்னும் ஒரு வரி பாக்கி. அதை அவர் எழுதுவார்."

லேபல் அடிக்கிற மெஷின் யுகேஷின் மேசையில்தான் இருந்தது. இப்ஹாம் வரும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாக ஒரு V அடித்து, சும்மா கிடந்த ஒரு வயரில் ஒட்டினேன்.

செல்லப்பா முதலாளி கதவு நிலையில் நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு போன். உள்ளே வர இடமில்லை. யுகேஷ் மட்டும் அலுமாரிக்கு முன்னால் வந்தார்.

"சார், ரிப்போர்ட்டுக்கு ஒரு படம் வேணும்," என்றேன், என்னால் முடிந்த அளவு பணிவாக. "உங்க கைதான் இருக்கணும், நீங்கதானே மனேஜர். இந்த வயர் எந்த சுவிட்சுக்குப் போகணும்னு அதுகிட்ட பிடிச்சுக் காட்டுங்க. குத்த வேணாம்."

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். ஒரு கணமும் யோசிக்கவில்லை. கை நேராக வலது சுவிட்சுக்குப் போனது. இப்ஹாம் போனில் படம் எடுத்தான்.

"ஏன் அங்க?"

"என்ன கேள்வி இது? V வலது."

"அப்ப D?"

ஒரு தடுமாற்றம். "டிஃபோல்ட். முதல் பாதை."

"டிஃபோல்ட்," என்று இப்ஹாம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "மெல்பேர்ன்ல படிச்சது வீண் போகல்ல."

"சார், மத்த மூணு சேர்வர்லயும் V இடதுக்குத்தான் போகுது. குனிஞ்சு பாருங்க. சமிந்த சிங்களத்துல ஒட்டியிருக்கான். வம, தகுண. சமிந்த இதை ஒட்டியிருந்தா V இடதுல இருக்கும். இதை ஒட்டினது சமிந்த இல்ல. அந்த எழுத்தைப் பாத்து காப்பியடிச்ச, தமிழ்ல யோசிக்கிற ஒருத்தர்."

"அந்தப் புள்ளையும் தமிழ்தானே பேசுது!"

"பேசும். ஆனா அவ சாவி அன்னைக்கே பறிபோச்சு. இந்த ஸ்டிக்கர் பசை இன்னும் காயல. அதுக்குப் பிறகு இந்த ரூமுக்குள்ள வந்தது உங்க கழுத்துல தொங்குற சாவி மட்டும்தான்."

யுகேஷ் கழுத்துப் பட்டியிலிருந்த சாவியைக் கையால் மூடினார்.

"ரெண்டு வயரும் இடது சுவிட்சுல இருந்துச்சு," என்றேன். "ஒரே பாலத்துல ரெண்டு பஸ். ஸ்கிரீனுக்கு வயரை எண்ணத்தான் தெரியும், பாலத்தை எண்ணத் தெரியாது. அதான் ரெண்டு பச்சை. றமீலா இடதை மட்டும்தான் அணைச்சா. ரெண்டும் செத்துச்சு. அதுக்குப் பிறகு ஒரு வயரைக் கழட்டி வலதுல குத்தி, பழைய வேலை மாதிரி தெரியட்டும்னு லேபலும் ஒட்டினீங்க."

யுகேஷின் மெல்பேர்ன் கரைந்து போய், கண்டிக் கடைத்தெருப் பையன் ஒருவன் பேசினான்.

"இந்த சேர்வரைப் போட்ட அன்னைக்கு, நல்ல நேரம் முடியுறதுக்குள்ள ஓன் பண்ணணும்னு நின்னாங்க. ஐயர் வேற வந்து உக்காந்திருந்தாரு. வலது பக்கம் லைட் வரல. ரெண்டையும் ஒண்ணுலயே குத்திட்டேன். பிறகு மாத்தலாம்னுதான்... மறந்துட்டேன். வேணும்னு செய்யல."

"மறந்ததுக்கு ஒருத்தரும் உங்களைப் பொலிசுல குடுக்க மாட்டாங்க. மறந்ததை இன்னொருத்தி தலையில கட்டினீங்களே."

"நான் கட்டல!" அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "நான் அன்னைக்கே மாமாகிட்ட சொன்னேன். என் பிழைன்னு சொன்னேன். மாமாதான் மாத்திக் குத்துன்னாரு. லேபலும் ஒட்டுன்னாரு."

நான் செல்லப்பா முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கவுண்டரில் பில் பிழையாகிப்போன மாதிரி ஒரு சின்னச் சலிப்பு மட்டும் இருந்தது.

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டீங்க?" என்றேன்.

பதிலை யுகேஷ்தான் சொன்னார். விழுந்தவனுக்கு மற்றவனையும் இழுத்துவிட வேண்டும்.

"வெளி ஆள் எழுதின ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா பொலிஸ் நம்பும்னாரு. தோட்டத்துல இருந்து படிச்சு வந்த புள்ள, பெரிய எடத்து வேலைன்னா சொன்ன மாதிரி எழுதிக் குடுக்கும்னாரு."

இப்ஹாம் என்னைப் பார்த்தான்.

'நீங்க நம்ம ஆளும்மா' என்று முதலாளி போனில் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"இங்க பாருங்கம்மா. குடும்பத்துக்குள்ள நடந்தது. பொலிஸ் வேணாம், அந்த சார்ஜனுக்கு நான் சொல்லிக்கிறேன். அந்தப் புள்ளையும் ஒரு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மரியாதையா போகட்டும். நல்லா ஒரு சர்ட்டிபிகேட் குடுக்கிறேன். எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்குமா? அவ எதுக்கு போகணும்?"

"இவ்வளவு நடந்த பிறகு எப்படிம்மா இங்க வேலை செய்றது?"

"அதேதான் நானும் கேக்கிறேன். இவ்வளவு நடந்த பிறகு யுகேஷ் சார் எப்படி இங்க வேலை செய்றாரு?"

அவர் இரண்டு போன்களில் ஒன்றை எடுத்து அழுத்தினார். மறுமுனைப் போன் ஒலித்தது எங்களுக்கே கேட்டது. கொரிடோர் முனையிலேயே. மீன் தொட்டிப் பக்கம் மழைக்கோட்டை உதறிக்கொண்டு நின்ற சார்ஜன், போனை எடுத்துப் பார்த்து, பிறகு முதலாளியையே நேரில் பார்த்துக் கையை உயர்த்தினார்.

முதலாளி வேகமாகப் போனார். குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் ஏதோ விளக்கினார். சிறிய தவறு, பேசித் தீர்த்துவிட்டோம், மழையில் அலைய வைத்ததற்கு மன்னியுங்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். சார்ஜனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மழைக்கோட்டைத் திரும்ப மாட்டத் தொடங்கினார்.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"சார்ஜன் மஹத்தயா, முறைப்பாடு இருக்கு," என்றேன் சிங்களத்தில். "முறைப்பாடு அதேதான். ஆள்தான் மாறியிருக்கு. படத்தோட இருக்கு."

"மிஸ் நிரஞ்சனி!" என்றார் செல்லப்பா முதலாளி. மரியாதை வந்துவிட்டது. "நீங்க யாருக்கு வேலை செய்றீங்கன்னு ஞாபகம் வச்சுக்குங்க."

"ஞாபகம் இருக்கு ஐயா. என்ன நடந்ததுன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சுட்டேன்."

சார்ஜன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சலித்துப்போன மனிதர். காலையிலிருந்து நின்ற கால். "முறைப்பாட்டாளர் யார்?" என்று கேட்டார். "நீங்களா?"

நான் இல்லை. நான் கத்தலாம், குறுக்கே நிற்கலாம். அந்த இடத்தில் என் பெயரைப் போட முடியாது. நான் திரும்பி றமீலாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் அவளை நெருக்குவதாக ஆகிவிடும்.

பின்னால் கதிரை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"மகள், வேணாம். வா போவம்," என்றார் உம்மா.

"இல்ல உம்மா. ஷாலை விடுங்க."

றமீலா என்னைத் தாண்டிப் போனாள். சார்ஜன் முதலாளியின் அறைக் கதவைத் திறந்து, மேசைக்கு முன்னால் அமர்ந்து, பேனாவை உதறினார். முறைப்பாட்டாளர் தவிர மற்ற எல்லோரும் வெளியே என்றார். செல்லப்பா முதலாளி தன்னுடைய அறைக்கு வெளியே, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கதவை யாரும் சாத்தவில்லை.

"நம?" என்றார் சார்ஜன்.

அவள் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரைச் சொன்னாள். ஊர் சொன்னாள்.

"தொழில்?"

"சிஸ்டம் எட்மின்."

"எங்கே?"

அவள் கதவு வழியாக வெளியே நின்ற முதலாளியைப் பார்த்தாள்.

"இங்கதான்," என்றாள். "இன்னும் இங்கதான்."